வார்டு வாசலில் நிற்கும் சட்டம்

பாளையங்கோட்டையில் வளர்ந்தவர்களுக்கு உடல் குறைபாடு என்பது வீட்டுக்குள் ஒளித்துவைத்த சங்கதியாக இருந்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து டவுன் பஸ்ஸில் காது கேளாதோர் பள்ளி மாணவர்கள் கைகளால் பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். பார்வையற்றோர் பள்ளிப் பையன்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி ரோட்டைக் கடப்பார்கள். சைக்கிளும் பஸ்ஸும் நின்று வழிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றவர்களுக்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்கும் இங்கே தொடங்கிய பள்ளிகள் அவை. அதே ஊரில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. மறு ஆண்டு ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. தென்காசியிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் ஜனங்கள் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கும் இடம் அது. மாற்றுத்திறனாளிகளின் கல்வியும் மருத்துவக் கல்வியும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இத்தனை காலம் நடந்திருக்கின்றன. ஆனாலும் என் நினைவுகளைத் திரும்பப் புரட்டும்போது, கை கால் குறைபாடு உள்ளவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகவும் சான்றிதழ் வாங்குபவராகவும் வந்து வரிசையில் நின்றதுதான் மனதில் நிற்கிறது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் மிகமிகச் சிலர். அது ஏன் என்பதையும், அதை மாற்ற எதைத் தொடவேண்டும் என்பதையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தலைமுறைக்கு ஊனம் என்றாலே போலியோதான். தெருவுக்கு ஒரு பிள்ளையாவது காலிப்பர் மாட்டிய காலோடு பள்ளிக்கூடம் போகும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று சதவீத இட ஒதுக்கீட்டைக் கொடுத்தபோதும், மருத்துவக் கவுன்சில் அதைக் காலில் மட்டும், அதுவும் 50 முதல் 70 சதவீதம் வரை பாதிப்புள்ளவர்களுக்கு என்று சுருக்கி வைத்தது. போலியோவில் போன காலோடு படிக்க வந்த மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி என்று அதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை; 2014இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் தந்துவிட்டது. இன்று கல்லூரி வாசலுக்கு வருபவர்கள் வேறு: பைக் விபத்தில் காலை இழந்தவர், தசைச் சிதைவு நோய் உள்ளவர், பிறவியிலேயே விரல்கள் குறைந்தவர், பெருமூளை வாதம் உள்ளவர், தண்டுவடத்தில் அடிபட்டவர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களையெல்லாம் கணக்கில் எடுத்து, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஐந்து சதவீத இடத்தை உறுதி செய்தது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அது செய்தது. ஒருவர் மற்றவர்களோடு சமமாக நின்று தன் உரிமையைப் பயன்படுத்துவதற்குத் தேவையான, அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத மாற்றங்களைச் செய்துகொடுப்பது நிறுவனத்தின் கடமை என்றது. ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் பிழைப்பவர்களுக்குத் தெரியும்: அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பது பேப்பரில் வரும் செய்தி, கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் விவசாயம். மருத்துவக் கல்வியில் கடைமடை என்பது வார்டு. சேர்க்கை ஆணை கையில் இருக்கும் மாணவர் மருத்துவராகவோ செவிலியராகவோ இயன்முறை சிகிச்சையாளராகவோ வெளியே வருவாரா என்பது, வகுப்பறையில் தீர்மானமாவதைவிட, போஸ்டிங் எனப்படும் வார்டுப் பயிற்சிக் காலத்தில்தான் தீர்மானமாகிறது.

செய்முறைப் பயிற்சி என்பது என்ன என்று வெளியே இருப்பவர்கள் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். காலை ரவுண்ட்ஸ் என்றால் பேராசிரியரின் பின்னால் இருபது பேர் கட்டில் கட்டிலாக நகர்வார்கள். இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும், உட்கார ஒரு ஸ்டூல் இருக்காது. கேஸ் எடுப்பவர் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டிலின் உயரம் அவருக்கு ஏற்றதாக இருக்காது, ஏற்றி இறக்கவும் முடியாது. கட்டில் நிரம்பிவிட்டால் பாய் விரித்துத் தரையில் நோயாளியைப் படுக்கவைப்பது அரசு மருத்துவமனைகளில் புதிதல்ல. அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமானால் தரையில் மண்டியிட வேண்டும், காலிப்பர் மாட்டியவர் மண்டியிட முடியாது. காலையில் துடைத்த ஈரத் தரையில் ஊன்றுகோலின் ரப்பர் முனை வழுக்கும். சக்கர நாற்காலியைத் தள்ளிய கையில் சக்கரத்தின் அழுக்கு இருக்கும். ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆனால் கை கழுவும் தொட்டி நிற்பவர் உயரத்தில் இருக்கும். செவிலியர் மாணவி டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இரண்டு கைகளாலும் கட்டை ஊன்றுபவர் டிராலியை எந்தக் கையால் தள்ளுவார்? இரவு டியூட்டி முடித்து விடுதிக்குப் போகும் வழியில் படிக்கட்டு மட்டும் இருந்தால்? இவற்றில் ஒன்றுகூட மருத்துவ அறிவு சம்பந்தப்பட்டதல்ல. ஒரு ஸ்டூல், ஒரு சாய்தளம், மடியில் வைத்துக்கொள்ள ஒரு சானிட்டைசர் பாட்டில், இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவிப் பை, தரை நோயாளிக்குப் பதில் கட்டில் நோயாளியை ஒதுக்கும் ஒரு சிறு ஏற்பாடு. இவை இல்லாததால் ஒரு மாணவர் தடுமாறும்போது, பார்ப்பவர்கள் கண்ணில் அது அவருடைய தகுதிக்குறைவாகப் பதிந்துவிடுகிறது. அநியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

என் வாதம் ஒன்றுதான். நோயாளிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதில் ஒரு இம்மியும் தளர்த்தக் கூடாது. அதை மாணவர் எப்படிச் செய்கிறார் என்பதில் பிடிவாதம் கூடாது. இதய ஒலியைச் சரியாகக் கேட்டு முணுமுணுப்பு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சாதாரண ஸ்டெதஸ்கோப்பில் கேட்டாரா, ஒலியைப் பெருக்கிக்கொடுக்கும் மின்னணு ஸ்டெதஸ்கோப்பில் கேட்டாரா என்பது நோயாளிக்கு ஒரு பொருட்டல்ல. தையல் ஒழுங்காக விழ வேண்டும். நின்று போட்டாரா உட்கார்ந்து போட்டாரா என்பது தழும்பில் தெரியாது. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் நெடுங்காலமாக இந்தக் கோட்டைத்தான் பிடித்துவருகிறது: பட்டம் பெறுபவர் அடைய வேண்டிய தேர்ச்சியில் சலுகை கிடையாது, அந்தத் தேர்ச்சியைக் கற்கும் வழியிலும் சோதிக்கும் வழியிலும் மாற்றம் உண்டு. குறைபாடுள்ள மாணவர்களுக்காக 2019இல் அது புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டியும் இதையே விரித்துச் சொல்கிறது. நம் நாட்டு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் இதற்கு எதிரி இல்லை. ஒவ்வொரு திறனையும் அறிந்திருத்தல், எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், தானாகச் செய்தல் என்று படிகளாக அது பிரித்து வைத்திருக்கிறது. எல்லா மாணவர்களும் எல்லாவற்றையும் தம் கையால் செய்தே தீரவேண்டும் என்று பாடத்திட்டமே சொல்லவில்லை. குறைபாடில்லாத மாணவர் பல காரியங்களைப் பார்த்தே தேறிவிடலாம், குறைபாடுள்ளவர் மட்டும் அத்தனையையும் தன் கையாலேயே செய்து நிரூபிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இது ஏட்டில் மட்டும் சரியாக வரும் பேச்சு என்று நினைப்பவர்கள் வேலூரைப் பார்க்கலாம். டாக்டர் மேரி வர்கீஸ் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இளம் மருத்துவராகப் பயிற்சியில் இருந்த நேரத்தில், 1954 ஜனவரியில் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அறுவை மருத்துவர் ஆகவேண்டும் என்பது அவர் கனவு. அன்றைய எந்த விதியை வைத்துப் பார்த்தாலும் அவர் தொழில் அங்கே முடிந்துவிட்டது. தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையில் உலகப் பெயர் பெற்றிருந்த டாக்டர் பால் பிராண்ட் வேறு மாதிரி யோசித்தார். கை அறுவை சிகிச்சையைப் பொதுவாக மருத்துவர்கள் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏன் செய்யக் கூடாது? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. இதை ஒரு தனி மனுஷியின் மன உறுதிக் கதையாக மட்டும் சொல்லிச் சொல்லியே பாதி உண்மையைத் தொலைத்துவிட்டோம். மன உறுதி அவருடையது, சரி. ஆனால் வேலையைப் பிரித்துப் பார்த்து, எந்த வேலைக்கு நிற்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கேட்டவர் அவருடைய ஆசிரியர். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆசிரியர் அமையாத இடத்தில் எவ்வளவு மன உறுதி இருந்தும் அது வீணாகத்தான் போயிருக்கும். மும்பையின் புற்றுநோய் மருத்துவர் சுரேஷ் அத்வானி சிறுவயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையின் முன்னோடியாகி, 2012இல் பத்மபூஷண் பெற்றார். அவருக்கும் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டது.

வேலூர் தூரம் என்றால் ஆய்க்குடி பக்கத்தில் இருக்கிறது. தென்காசிக்கு அருகே, தாமிரபரணியில் போய்ச் சேரும் சிற்றாற்றின் வடிநிலத்தில் உள்ள ஊர் அது. 2019 வரை நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுடன் பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன் 1992இல் அவரோடு சேர்ந்துகொண்டார். நூற்றுக்கணக்கான கிராமங்களில் குழந்தைகளுக்கான ஆரம்பகாலச் சிகிச்சை, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வு, பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி என்று அது வளர்ந்தது. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ ராமகிருஷ்ணனுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கே நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். சிகிச்சை தரும் ஒரு பெரிய நிறுவனத்தை, கையைக் காலை அசைக்க முடியாத ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்த முடிகிறது. எந்தக் கதவு எவ்வளவு அகலம் வேண்டும், எந்த மேசை எந்த உயரத்தில் வேண்டும், எந்த வேலையைத் தானே செய்யலாம், எதை இன்னொருவர் கையால் செய்விக்கலாம் என்ற அறிவு அங்கே அன்றாடப் பழக்கமாக இருக்கிறது. ஹைகிரவுண்டிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அந்த அறிவு இருக்கும்போது, எங்களுக்கு எப்படிச் செய்வதென்று தெரியாது என்று இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் எந்த மருத்துவக் கல்வி நிறுவனமும் சொல்ல முடியாது.

நீதிமன்றங்களும் இப்போது இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2019இல் மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த வழிகாட்டி, மருத்துவம் படிக்க இரு கைகளும் முழுமையாக, உணர்ச்சியோடும் போதிய வலுவோடும் இருக்க வேண்டும் என்றது. ஒரு விரல் குறைந்தவரும் இதனால் வெளியே நின்றார். 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சதவீதத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளக் கூடாது, அந்தக் குறைபாடு படிப்புக்கு உண்மையிலேயே தடையாகுமா என்று மதிப்பீட்டுக் குழு காரணத்தோடு எழுதவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் ஓம் ரத்தோட் வழக்கில், தசைச் சிதைவு நோயுள்ள மாணவரை ஒரு குழு தகுதியற்றவர் என்றிருந்த நிலையில், டெல்லி மருத்துவப் பேராசிரியர் சதேந்திர சிங்கின் மதிப்பீட்டைக் கேட்டுப் பெற்று, சேர்க்கைக்கு வழிவிட்டது. போலியோவோடு வாழும் பேராசிரியர் அவர். அந்தத் தீர்ப்பில் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு: மருத்துவப் பயிற்சியில் தமக்கு வேண்டிய மாற்றங்களைக் கேட்கும் மாணவர்களுக்கு, கல்லூரியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப் பிரிவு தொடர்பு இடமாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 2025 பிப்ரவரியில் அன்மோல் வழக்கில், இரு கைகளும் முழுமையாக வேண்டும் என்ற விதி அரசியலமைப்புக்கும் உரிமைச் சட்டத்துக்கும் முரணானது என்றே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் இன்னொரு வழக்கிலும் விரல்கள் குறைந்த மாணவருக்கு இடம் கிடைத்தது. ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம், மாணவர் அன்றாடம் எதைச் செய்ய முடிகிறது என்று கேட்கும் இடைக்கால வழிகாட்டியை வெளியிட்டது. ஆகச் சேர்க்கையின் கதவு மெல்லத் திறந்துவிட்டது. இனி வரும் சண்டை வார்டில்தான். அதற்கு வழக்குப் போட்டு மாளாது. ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் ஒரு மாணவர் டெல்லிக்குப் போக முடியுமா?

வார்டில் இந்த மாற்றங்களைச் செய்வதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவதும் கனமானதும் நோயாளியின் பாதுகாப்பு. மாரடைப்பில் ஒருவர் விழுந்தால் நெஞ்சை அழுத்த முடியாத டாக்டரை வைத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்கு நேரான பதில் தரவேண்டும். மருத்துவமனையில் உயிர்மீட்பு ஒருவர் தனியாகச் செய்யும் காரியம் இல்லை. நெஞ்சை அழுத்துபவர் களைத்துவிடுவார் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வதே இன்றைய நெறி. ஒருவர் அழுத்துவார், ஒருவர் சுவாசம் கொடுப்பார், ஒருவர் மருந்து ஏற்றுவார், ஒருவர் நின்று நேரத்தையும் இதயத் துடிப்பின் கோட்டையும் பார்த்து உத்தரவு கொடுப்பார். அந்தக் கடைசி ஆள் சக்கர நாற்காலியில் இருக்கலாம். தன்னால் அழுத்த முடியாவிட்டாலும், அழுத்தம் போதுமான ஆழத்தில் விழுகிறதா என்று கண்டறிந்து திருத்தச் சொல்லும் அறிவு அவருக்கு வேண்டும். அதைத் தேர்வில் கண்டிப்பாகச் சோதியுங்கள். உண்மையில் பாதுகாப்புக்கு ஆபத்து வருவது வேறு வழியில். தனக்கு இன்ன உதவி வேண்டும் என்று கேட்டால் கழித்துவிடுவார்களோ என்று பயப்படும் மாணவர், முடியாததை முடிகிற மாதிரி காட்டிக்கொள்வார்; வலியை மறைப்பார்; வழுக்கும் தரையில் அவசரமாக நடப்பார். எதை நான் செய்வேன், எதற்கு ஆள் கூப்பிடுவேன் என்று முதல் நாளே வார்டு சிஸ்டரிடமும் யூனிட் தலைவரிடமும் சொல்லிவைத்த மாணவரால் நோயாளிக்கு ஆபத்து இல்லை. தன் எல்லை தெரிந்து உரிய நேரத்தில் உதவி கேட்பது, குறைபாடில்லாத ஹவுஸ் சர்ஜன்களுக்கும் நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம்.

அடுத்தது, கூடப் படிப்பவர்களுக்கு இது அநீதி இல்லையா என்பது. ஒருவருக்கு நைட் டியூட்டியைக் குறைத்தால் அந்தச் சுமை மற்றவர் தலையில் விழும், முணுமுணுப்பு வரும், அந்த முணுமுணுப்பு குறைபாடுள்ள மாணவர் காதிலும் விழும். இது கற்பனைக் குறை இல்லை, இதை மறுக்கப் போவதுமில்லை. இதற்குக் காரணம் மாற்றம் செய்ததில் இல்லை, அதைச் செய்த விதத்தில் இருக்கிறது. பாவம், போகட்டும் என்று ஒரு பேராசிரியர் தன் இஷ்டப்படி டியூட்டியைத் தள்ளுபடி செய்தால் அது சலுகை. யாருக்கும் அது மரியாதை இல்லை, அந்த மாணவருக்கும் பாடம் தவறிப்போகிறது. டியூட்டியைத் தள்ளுபடி செய்யாமல் மாற்றிக்கொடுப்பதே முறை. ஓடியாடி ரத்த மாதிரி கொண்டுபோகும் வேலையை விட்டவர், அதே நேரத்துக்கு கேஸ் ஷீட்டுகளையும் டிஸ்சார்ஜ் குறிப்புகளையும் எழுதலாம், வெளிநோயாளி மேசையில் கூடுதலாக உட்காரலாம், நோயாளிகளுக்கு மருந்து விளக்கம் சொல்லலாம். மணிக்கணக்கு சமமாக இருக்கும், கற்கும் பொருளும் விடுபடாது. களைப்பு அதிகம் வரும் நோயுள்ளவருக்கு ஓராண்டுப் பயிற்சியைச் சற்று நீட்டிப் பகுதி பகுதியாக முடிக்க அனுமதிப்பதும் சலுகையாகாது. அவர் குறைவாகப் படிக்கவில்லை, அதே பாடத்தை நீண்ட காலத்தில் படிக்கிறார். எழுத்தில் இருக்கும் ஏற்பாடு எல்லார் முன்னிலையிலும் நியாயமாகத் தெரியும். வாய்மொழிக் கருணைதான் சந்தேகத்தை வளர்க்கும்.

கூட்டமும் பணமும் மூன்றாவது. தென் மாவட்டங்களின் நோயாளிகள் எல்லாம் வந்து சேரும் அரசு மருத்துவமனையில் கட்டிலுக்கே வழியில்லை, இதில் ஒரு மாணவருக்காகச் சாய்தளமும் உயரம் மாற்றும் கட்டிலும் எங்கே வாங்குவது என்கிறார்கள். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இதைச் சொல்பவர்கள் நோயாளியை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான். பக்கவாதம் வந்தவரும், இடுப்பு முறிந்த பாட்டியும், காலை இழந்த சர்க்கரை நோயாளியும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் முன்னுரிமை தரச் சொல்கிறது. விதிகள் 2017இல் வந்தன, கெடு 2022இல் முடிந்துவிட்டது. ஆகவே சாய்தளமும் அகலக் கதவும் கைப்பிடி வைத்த கழிப்பறையும் மாணவருக்காக ஏற்படும் புதுச் செலவு இல்லை. நோயாளிகளுக்கு ஏற்கெனவே பட்ட கடன். மாணவருக்கென்று தனியாக மிஞ்சுவது ஒரு மின்னணு ஸ்டெதஸ்கோப், ஒரு உயரமான ஸ்டூல், நேர அட்டவணையில் சில மாற்றங்கள், கேட்டுச் செய்ய ஒரு பொறுப்பாளர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே வேண்டாம், ஒரு அரை மணி நேரப் பேச்சு போதும்.

நான்காவதாக, நோயாளி நம்புவாரா, எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை இல்லையா என்ற கேள்விகள். எல்லை உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காது கேளாத ஒரு பெண்ணை நர்சிங் படிப்பில் சேர்க்க மறுத்த வட கரோலினா கல்லூரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வார்டுப் பயிற்சியில் அவருக்கு இடைவிடாத தனிக் கண்காணிப்பு வேண்டியிருக்கும், படிப்பின் அடிப்படையையே மாற்ற வேண்டிவரும், அந்த அளவுக்குச் சட்டம் கேட்கவில்லை என்பது அதன் காரணம். அடிப்படையை மாற்றத் தேவையில்லை என்ற கோட்பாடு சரியானது. அன்று எது அடிப்படை என்று வரைந்த கோடுதான் காலத்தோடு பொருந்தாமல் போனது. 2013இல் அதே அமெரிக்காவில், பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் தரும் வசதியையும் நோயாளிகளோடு பேசும்போது மொழிபெயர்ப்பாளரையும் கேட்ட காது கேளாத மருத்துவ மாணவர் ஒருவர், தர மறுத்த பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டு வென்றார். கருவிகள் மாறும்போது கோடும் நகரும். ஆகவே அந்தக் கோட்டை ஒருவர் மனதில் இருக்கும் பழைய படத்தை வைத்து வரையக் கூடாது, அந்த மாணவரை வைத்துச் செய்து பார்த்து வரைய வேண்டும். அறுவை சிகிச்சைத் துறையில் ஒருவரால் நிபுணர் ஆக முடியாமல் போகலாம். அதற்காக மனநல மருத்துவமும் கதிரியக்கமும் நோயியலும் சமூக மருத்துவமும் அவருக்கு மூடப்பட வேண்டுமா? எம்.பி.பி.எஸ். முடித்த எல்லாருமா அறுவை அரங்குக்குப் போகிறார்கள்? நோயாளியின் நம்பிக்கையைப் பொறுத்தவரை, மேரி வர்கீஸிடம் தொழுநோயாளிகளும் ஆய்க்குடிக்குச் சுற்று வட்டார ஜனங்களும் போனதே பதில். தன் வலியைக் காது கொடுத்துக் கேட்கும் டாக்டர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நம் ஊர் ஜனங்கள் பார்ப்பதில்லை.

மருத்துவத்தைப் பற்றியே அதிகம் பேசிவிட்டேன்; மற்ற படிப்புகளில் நிலைமை இன்னும் பின்தங்கியிருக்கிறது. தென் மாவட்டங்களில் எத்தனையோ பெண் பிள்ளைகளுக்குக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் படிப்பு நர்சிங். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதியோ மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டை நீண்ட காலமாகக் காலில் மட்டும், 40 முதல் 50 சதவீதம் வரை பாதிப்புள்ளவர்களுக்கு என்று வைத்திருக்கிறது. 48 சதவீதம் என்று சான்றிதழ் வாங்கியவர் உள்ளே, 52 என்று வாங்கியவர் வெளியே. அந்த நான்கு சதவீத வித்தியாசம் ஊசி போடுவதில் எங்கே தெரியும்? சித்த மருத்துவத்துக்கு வருவோம். மருந்துகளைப் பற்றிய குணபாட வகுப்பில் கல்வத்தில் மருந்து அரைக்கத் தரையில் சம்மணமிட்டு உட்காருவது வழக்கம். கல்வத்தை மேசைமேல் வைத்தாலும் செந்தூரம் அதே செந்தூரம்தான். மூலிகை இனம் காணப் பொதிகை அடிவாரத்துக்கும் குற்றாலத்துக்கும் மாணவர்களைக் கூட்டிப்போவார்கள்; மலை ஏற முடியாதவருக்கு அதே செடிகளை மூலிகைத் தோட்டத்தில் வேரோடும் பூவோடும் காட்டிச் சோதிக்கலாம். நாடி பார்க்க வேண்டியது மூன்று விரலும் கவனமும். அதற்குக் கால் வேண்டாம். சமூக மருத்துவப் போஸ்டிங்கிலும் இப்படித்தான். காரையார் அணைக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகளுக்குப் போவது எல்லா மாணவருக்கும் நல்ல அனுபவம். ஆனால் வீட்டுக்கு வீடு நோய்க் கணக்கு எடுக்கும் திறனை, பஸ் போகும் ஒரு ஆற்றங்கரைக் கிராமத்திலும் முழுமையாகக் கற்கலாம், சோதிக்கலாம். எந்த இடம் என்பதில் விட்டுக்கொடுங்கள், கணக்கு சரியாக வரவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்ய இன்னொரு சட்டம் வேண்டாம், இன்னொரு கமிட்டியும் வேண்டாம். சேர்க்கை முடிந்த முதல் மாதத்திலேயே மாணவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு துறையின் போஸ்டிங்கிலும் என்ன மாற்றம் தேவைப்படும் என்று எழுதி, துறைத் தலைவரும் மாணவரும் கையெழுத்திட்ட ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டிங் மாறும்போது அந்தத் தாள் முன்னாலேயே அந்த வார்டுக்குப் போய்ச் சேரட்டும். ஒவ்வொரு யூனிட்டிலும் தன் உடம்பைப் பற்றிப் புதிதாக விளக்கிக்கொண்டிருக்கும் அவமானம் மாணவருக்கு வேண்டாம். மருத்துவ விவரம் முழுவதையும் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, தேவையான உதவியை மட்டும் சொன்னால் போதும். உதவிப் பிரிவு என்று போர்டு மாட்டினால் போதாது. அதில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒரு ஆசிரியரும், குறைபாட்டோடு வாழும் ஒருவரும் இருக்க வேண்டும். ஆய்க்குடியிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆட்களை அழைத்து வார்டுகளைச் சுற்றிக்காட்டி, எது தடுக்கிறது என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு: கேட்பது பிச்சை இல்லை, சட்டம் உங்களுக்குக் கொடுத்ததைத்தான் கேட்கிறீர்கள், வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். கூடப் படிப்பவர்களே, பரிதாபப்பட்டு அவருடைய வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள். அது அவருடைய படிப்பைப் பறிப்பது. ஹைகிரவுண்டிலும் பாளையங்கோட்டையிலும் இந்தப் பள்ளத்தாக்கின் மற்ற நர்சிங், பிசியோதெரபி கல்லூரிகளிலும் பொறுப்பில் இருக்கும் முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த போஸ்டிங் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் அந்த மாணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'உனக்கு என்னம்மா வேணும், என்னப்பா வேணும்' என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைச் செய்யுங்கள்.